பாய் கொஞ்சம், நங்கூரம் நிறைய

சொந்தப் படகில் தீவு தீவாகச் சுற்றுகிறவர்களிடம் நம் ஆட்கள் முதலில் கேட்பது புயலைப் பற்றி. அடுத்தது சுறா. ராத்திரி எங்கே தூங்குவீர்கள் என்ற கேள்வி கடைசியில்தான், கொஞ்சம் தயங்கி வரும். முதலில் கேட்க வேண்டியதே அதுதான். இப்படி வாழ்கிற குடும்பங்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள், நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் பாய் விரித்து ஓடினாலே பெரிது. மற்ற நேரமெல்லாம் படகு ஏதாவது ஒரு விரிகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கும். சமையல், தூக்கம், பிள்ளைகளுக்குப் பாடம், பழுது பார்ப்பது எல்லாம் அங்கேதான். அதனால் இந்தக் கட்டுரையிலும் பாயைவிட நங்கூரத்துக்குத்தான் இடம் அதிகம்.

பொதுவாகப் பேசினால் விஷயம் பிடிபடாது. ஒரு வழித்தடத்தை எடுத்துக்கொள்வோம். கரீபியன் கடலின் கிழக்கு விளிம்பில் தெற்கே கிரெனடா, வடக்கே மார்த்தினிக். நடுவில் கரியாக்கு, யூனியன் தீவு, மைரோ, கனுவான், மஸ்டீக், பெக்வே, செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா. விண்ட்வர்ட் தீவுகள் என்று இவற்றுக்குப் பெயர். நம் பக்கத்து அட்சரேகையில் சொல்வதானால் கிரெனடா புதுச்சேரிக்கு நேர், மார்த்தினிக் ஏறக்குறைய நெல்லூருக்கு நேர். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 160 கடல் மைல் இருக்கும். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். சாதாரணமான 40 அடிப் பாய்மரப் படகு மணிக்கு ஐந்திலிருந்து ஏழு கடல் மைல் போகும். நிற்காமல் ஓடினால் ஒன்றரை நாளில் தொட்டுவிடலாம். அப்படி யாரும் ஓடுவதில்லை. மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு; பன்னிரண்டு வருஷமாகப் போய்க்கொண்டே இருப்பவர்களும் உண்டு.

இந்தத் தடம் இவ்வளவு பேருக்குப் பிடித்துப்போகக் காரணம் காற்று. நம் கடற்கரையில் காற்றுக்குத் திசைக்கொரு பெயர்: கொண்டல், கச்சான், வாடை, சோழகம். பருவத்துக்குப் பருவம் திசை மாறும். அங்கே கிட்டத்தட்ட வருஷம் முழுக்க ஒரே காற்று, கொண்டல்தான். பள்ளிக்கூடப் பாடத்தில் வியாபாரக் காற்று என்று படித்தோமே, அதுவேதான். அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து கிழக்கிலிருந்து 15, 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 15, 20 கடல் மைல், வீசும். குளிர்காலத்தில் சற்று வடகிழக்குப் பக்கம் சாயும், கோடையில் தென்கிழக்குப் பக்கம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் சில நாட்கள் 25 நாட்டுக்கு மேல் ஏறிவிடும். அதற்குக் கிறிஸ்துமஸ் காற்று என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் கடலைப் பார்த்தால் செல்லம் எதுவும் தெரியாது.

பாய்மரப் படகால் காற்றை நேருக்கு நேர் எதிர்த்துப் போக முடியாது. காற்று வரும் திசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுமார் 45 பாகை விட்டுத்தான் போகும். எதிர்க்காற்றில் ஒரு தீவுக்குப் போகவேண்டுமென்றால் வளைந்து வளைந்து, தூரத்தை ஒன்றரை மடங்காக்கிக்கொண்டு, நனைந்து நொந்து போய்ச் சேரவேண்டும். காற்று பக்கவாட்டில் வந்தால் சுகம். இந்தத் தீவுகள் தெற்கு வடக்காக வரிசையில் நிற்கின்றன, காற்றோ கிழக்கிலிருந்து. ஆக, போகும்போதும் பக்கக் காற்று, திரும்பும்போதும் பக்கக் காற்று. புறப்படும் தீவின் மலை முதுகுக்குப் பின்னால் மறைவதற்குள் அடுத்த தீவின் மலை அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, முன்னால் தலை காட்டிவிடும். இரவு முழுக்கக் கண் விழித்து ஓட்டவேண்டிய கட்டாயம் எங்கும் இல்லை. முதல் முறை படகு வாங்கியவர்கள் இங்கே வந்து குவிவதில் ஆச்சரியமில்லை.

ஒரே ஒரு சங்கடம், தீவுக்கும் தீவுக்கும் நடுவில் இருக்கிற கால்வாய். செயின்ட் வின்சென்ட்டின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கே போகும் படகை நினைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் லா சுஃப்ரியேர் எரிமலை, 1,234 மீட்டர். 2021 ஏப்ரலில் வெடித்துத் தீவின் வடபாதியைச் சாம்பலால் மூடிய மலை. அது காற்றை முழுசாக மறித்து நிற்கிறது. பாய் துவண்டு தொங்கும். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். எஞ்சினைப் போட்டுக்கொண்டு போகிறீர்கள். யாரோ டீ போடுகிறார்கள். தீவின் வடமுனையைத் தாண்டியதும் பத்தே நிமிஷத்தில் காட்சி மாறுகிறது. மலைக்குப் பக்கவாட்டில் இடுக்கிப் பிழிந்து வரும் காற்று 25 நாட். அட்லாண்டிக்கிலிருந்து வரும் அலை ஆள் உயரத்துக்கு மேல். டீ தரையில்.

தெரிந்தவர்கள் மலையின் மறைவிலேயே, காற்றே இல்லாத அந்த இடத்திலேயே, பாயைப் பாதியாகச் சுருக்கிக் கட்டிவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். கால்வாய்க்குள் போய்ச் சுருக்கிக்கொள்ளலாம் என்பது மழை கொட்டத் தொடங்கிய பிறகு கூரை மேய ஏறுவது போலத்தான். இன்னொன்று நீரோட்டம். அது மேற்கே தள்ளிக்கொண்டே இருக்கும். எதிரே தெரியும் தீவின் முனைக்கு நேராக அணியத்தை வைத்தால், நாலு மணி நேரம் கழித்துத் தீவு கிழக்கே கைக்கெட்டாத தூரத்தில் இருக்கும்; காற்றை எதிர்த்துத் திரும்பி வரவேண்டும். வெள்ளத்தில் ஆற்றைக் கடப்பவன் போய்ச்சேர வேண்டிய துறைக்கு மேலே குறி வைத்து நீந்துவான் இல்லையா, அதே கணக்கு. இலக்குக்குக் கொஞ்சம் கிழக்கே பார்த்தே ஓட்டவேண்டும்.

கிரெனடாவுக்கும் கரியாக்குவுக்கும் இடையில் வேறொரு விசித்திரம். கிக் எம் ஜென்னி என்று கடலுக்கடியில் ஓர் எரிமலை. கிரெனடாவின் வடமுனையிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர். உச்சி நீர்மட்டத்துக்கு 180 மீட்டர் கீழே. 1939இல் முதல் தடவை அது வெடிப்பதைப் பார்த்தார்கள். சாதாரண நாட்களில் அதைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் போகக்கூடாது. எச்சரிக்கை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு ஏறினால் 5 கிலோமீட்டர். வாயுக் குமிழிகள் கலந்த நீரின் அடர்த்தி குறைந்துவிடும், அதில் படகு மிதக்காமல் போகலாம் என்பதுதான் கவலை. வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டியிருப்பார்கள். வட்டத்தைச் சுற்றிப் போனால் வேலை முடிந்தது.

எத்தனை மணிக்குக் கிளம்புவது? விடியும்போது. சீக்கிரம் கிளம்புவதைவிடச் சரியான நேரத்தில் போய்ச் சேருவதுதான் நோக்கம். பவளப் பாறைகள் கிடக்கும் நீரில் ஜி.பி.எஸ். வரைபடத்தை மட்டும் நம்பி நுழையக் கூடாது. கண்ணால் பார்த்து நுழையவேண்டும். அதற்குச் சூரியன் தலைக்கு மேலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கவேண்டும். முகத்துக்கு நேரே இருந்தால் கடல் ஒரே வெள்ளித் தகடாகிவிடும். போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு அணியத்தில் நின்று பார்த்தால் நீரின் நிறமே ஆழத்தைச் சொல்லும்: அடர் நீலம் ஆழம், வெளிர் பச்சை மணல், பழுப்பு என்றால் பவளப் பார். அங்கெல்லாம் மாலை ஆறு மணி வாக்கில் சூரியன் விழுந்தால் அந்திவெளிச்சம் நீடிக்காது, சட்டென்று இருட்டிவிடும். பகல் இரண்டு மணிக்குள் நங்கூரம் விழுந்திருக்கவேண்டும் என்று பலர் கறாராக வைத்துக்கொள்வது இதனால்தான். துறைமுகங்களில் இன்னொரு விஷயம் நினைவிருக்கட்டும். நம் சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடலிலிருந்து உள்ளே வரும்போது வலப்பக்கம் பச்சை மிதவை. அமெரிக்கக் கண்டங்களில் அப்படியே தலைகீழ், வலப்பக்கம் சிவப்பு. இந்தியாவில் படகோட்டிப் பழகியவர் பழக்கதோஷத்தில் நுழைந்தால் நேராகத் திட்டில்தான் ஏறுவார்.

இனி நங்கூரம். டொபேகோ கீஸ் என்ற இடத்தில் அதைப் பார்ப்போம். பெயரைப் பார்த்து டொபேகோ தீவு என்று நினைக்கவேண்டாம். அது தெற்கே வெகுதூரம். இது செயின்ட் வின்சென்ட்டைச் சேர்ந்த ஐந்து குட்டித் தீவுகள், ஆள் குடியிருப்பு கிடையாது, கடல்சார் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. கிழக்கே குதிரை லாடம் போல் வளைந்த ஒரு பவளப் பார். பாருக்கு அப்பால் ஆப்பிரிக்கா வரைக்கும் வெறும் தண்ணீர். அலை முழுவதும் பாரில் மோதி உடைந்துவிடுகிறது. காற்றை மறிக்க ஒன்றும் இல்லை. ஆகவே நடுக்கடல் காற்றில், குளத்து நீரில் நிற்கிற மாதிரி படகு நிற்கும். படத்தில் பார்த்தால் சொர்க்கம். எட்டுப் பத்து டன் எடையுள்ள படகை அங்கே ராத்திரி முழுக்கப் பிடித்து வைத்திருப்பது 20, 25 கிலோ இரும்பு.

அவ்வளவு சின்ன இரும்பு எப்படிப் பிடிக்கிறது? எடையால் இல்லை, கோணத்தால். ஏர் உழுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஏர்க்கால் தாழ்ந்திருந்து மாடு முன்னால் இழுத்தால் கொழு மண்ணுக்குள் இறங்கும். ஏர்க்காலைத் தூக்கினால் கொழு மேலே வந்துவிடும். நங்கூரமும் அப்படித்தான். சங்கிலி கடல் தரையோடு படுத்துக் கிடந்து பக்கவாட்டில் இழுத்தால் இன்னும் ஆழமாகப் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். அதனால் சங்கிலியை நிறைய விடவேண்டும். கணக்கு இது: நீர் ஆழம் 4 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம் 1.5 மீட்டர், ஆக மொத்தம் 5.5. அமைதியான நாளில் இதற்கு ஐந்து மடங்கு, அதாவது 27.5 மீட்டர் சங்கிலி. காற்று வலுத்தால் ஏழு மடங்கு, 38.5 மீட்டர். புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் அணியத்தின் உயரத்தை விட்டுவிடுவது, அல்லது சங்கிலி விடுவதில் கஞ்சத்தனம் காட்டுவது. பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் சங்கிலியால் யாருக்கும் பயனில்லை.

செய்கிற விதம் இப்படி. வெளிர் பச்சையாகத் தெரியும் மணலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பவளத்தின் மேல் போடுவது சட்டப்படியும் தப்பு, நியாயப்படியும் தப்பு. நூறு வருஷம் வளர்ந்ததைச் சங்கிலி ஒரே இரவில் அறுத்துவிடும். கடல் புல்லின் மேல் போட்டால் நங்கூரம் வேரில் சிக்கியதுபோல் பாவனை காட்டிவிட்டுப் பிறகு வழுக்கும். அந்தப் புல்லைத்தான் இங்குள்ள பராடல் தீவுப் பக்கம் ஆமைகள் மேய்கின்றன. மணலுக்கு மேல் படகை நிறுத்தி, காற்றுக்கு முகம் காட்டி, நங்கூரத்தை மெதுவாக இறக்கவேண்டும். காற்று படகைப் பின்னால் தள்ளும்போது சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நங்கூரத்தின் மேலேயே குவிந்து சிக்கிக்கொள்ளும். வேண்டிய நீளம் போனதும் எஞ்சினை ரிவர்ஸில் போட்டு இழுத்துப் பார்க்கவேண்டும். அப்போது கரையில் இரண்டு அடையாளம்: முன்னால் ஒரு தென்னை, அதற்கு நேர் பின்னால் ஒரு பாறை. இரண்டும் ஒரே கோட்டில் நிலைத்து நின்றால் நங்கூரம் பிடித்துவிட்டது. தென்னை பாறையை விட்டு நகர ஆரம்பித்தால் நகர்வது தென்னை இல்லை.

இந்த வேலைக்கு இரண்டு பேர். ஒருவர் அணியத்தில் சங்கிலியோடு, மற்றவர் பின்னால் சுக்கானில். நடுவில் 12 மீட்டர் தூரம், காற்று, எஞ்சின் சத்தம். நம் ஊர்த் தெருவில் காரை ரிவர்ஸ் எடுக்கும் கணவனுக்கு மனைவி 'வரட்டும், வரட்டும், ஐயோ நில்லுங்க' என்று வழி சொல்லும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அதையே ஐம்பது படகுகள் வேடிக்கை பார்க்கச் செய்யவேண்டும். சாயங்காலம் கையில் கோப்பையோடு புதிதாக வரும் படகு நங்கூரம் போடுவதைப் பார்ப்பதுதான் அங்கே சினிமா. கத்தாமல் கை ஜாடையில் பேசிக்கொள்ளும் தம்பதிகள் பல வருஷம் கடலில் இருந்தவர்கள் என்று பார்த்த உடனே தெரியும்.

போட்ட பிறகும் வேலை முடியவில்லை. கண்ணாடி மாட்டிக்கொண்டு நீரில் குதித்து, சங்கிலியைத் தொடர்ந்து நீந்திப்போய், நங்கூரம் புதைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வரவேண்டும். வெதுவெதுப்பான, தெளிந்த நீர் என்பதால் இதைவிட இன்பமான பரிசோதனை எந்தத் தொழிலிலும் இருக்காது. அப்புறம் கைபேசியில் ஓர் ஆப். படகு நின்ற இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டு, வட்டத்தைத் தாண்டினால் அலறும். ராத்திரி இரண்டு மணிக்கு மழைமேகம் ஒன்று கடக்கும்; இருபது நிமிஷத்துக்குக் காற்று 35 நாட். கூரை ஜன்னல்களைச் சாத்த எழுந்தவர்கள் அப்படியே மேலே வந்து டார்ச் அடித்து, பக்கத்துப் படகு இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தன் நங்கூரம் பிடித்திருப்பது பாதி நிம்மதி. காற்றின் பக்கம் முன்னால் நிற்பவரின் நங்கூரமும் பிடித்திருக்கவேண்டும்.

நங்கூரத்துக்குப் பதில் மிதவையில் கட்டலாம். கடல் தரையில் கான்கிரீட் கட்டையோ திருகோ பதித்து, கயிற்றில் மிதவை விட்டிருப்பார்கள். வசதிதான். ஆனால் அந்தக் கயிற்றை யார், எப்போது கடைசியாகப் பார்த்தார்கள் என்பது தெரியாது. கட்டியதும் அங்கேயும் ஒரு முறை முங்கிப் பார்ப்பது நல்லது.

செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா பக்கம் விரிகுடாவுக்குள் நுழையும் முன்பே வண்ண வண்ணப் படகுகளில் ஆட்கள் வந்துவிடுவார்கள். போட் பாய்ஸ் என்று பெயர். பாதிப் பேர் தாத்தா வயதில் இருப்பார்கள். மிதவையில் கயிறு கட்டித் தரவா, வாழைப்பழம் வேண்டுமா, ராத்திரி கடற்கரையில் கல் இறால் சுட்டுத் தரவா என்று கேட்பார்கள். தொந்தரவு என்று அலுத்துக்கொள்ளும் வெளிநாட்டுக்காரர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் நாம் வண்டியை நிறுத்துகிறோம். வந்து விசாரிக்காமல் இருப்பார்களா? முதலில் பெயரைக் கேட்டு, காலை வணக்கம் சொல்லி, விலையை முன்னாலேயே பேசி முடித்துக்கொண்டால் சிக்கல் வராது. வணக்கம் சொல்லாமல் நேரே விலைக்குப் போவதை இந்தத் தீவுகளில் மரியாதைக் குறைவாகவே நினைக்கிறார்கள்.

நங்கூரத்தில் நிற்கும் படகுக்கும் கரைக்கும் இடையில் ஓடுவது டிங்கி, காற்றடைத்த சின்னப் படகு. வீட்டு ஸ்கூட்டர் மாதிரி: காய்கறி, காஸ் சிலிண்டர், துணி மூட்டை, குழந்தை எல்லாம் அதில்தான். இரவில் அதைத் தண்ணீரில் விட்டுவைக்காமல் தூக்கிக் கட்டிப் பூட்டிவிடவேண்டும். காணாமல் போகும் பொருள்களில் முதலிடம் டிங்கிக்கும் அதன் மோட்டாருக்கும்தான்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி தேவையில்லை. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்த எந்தக் குடும்பமும் படகில் முதல் நாளே தேறிவிடும். 400 லிட்டர் தொட்டி, இரண்டு பேர், ஆளுக்கு நாளைக்கு 10 லிட்டர் என்றால் இருபது நாள் வரும். பாத்திரத்தைக் கடல் நீரில் தேய்த்து, கடைசியில் மட்டும் நல்ல தண்ணீர். குளியல் கடலில், மேலுக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர். இப்போது பல படகுகளில் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இருக்கிறது. வீட்டு ஆர்.ஓ. மாதிரிதான், ஆனால் உப்பு நீர் என்பதால் சுமார் 800 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குச் சூரியத் தகடு வேண்டும். தகட்டின் மேல் பாய்மரத்தின் நிழல் விழுந்தால் உற்பத்தி படுத்துவிடும். படகில் எதைத் தொட்டாலும் இப்படி இன்னொன்றில் போய் முட்டும்.

சமையலறை வழக்கங்களில் இரண்டு மட்டும் சொல்கிறேன். அட்டைப்பெட்டியைப் படகில் ஏற்றவே மாட்டார்கள். மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். வாழைத்தாரைக் கயிறு கட்டிக் கடலில் நன்றாக முக்கி எடுத்த பிறகுதான் தொங்கவிடுவார்கள், உள்ளே குடியிருக்கும் பூச்சிகள் முதலில் இறங்கிப் போகட்டும் என்று. கரைக்குப் போனால் பச்சை ஆப்பிள் போலச் சின்னக் காய் உதிர்ந்து கிடக்கும் மரத்தடியில் உட்காரவேண்டாம். மாஞ்சினீல் மரம் அது. பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினாலும் அதே கதி. மார்த்தினிக்கில் பல இடங்களில் அந்த மரங்களுக்குச் சிவப்புப் பட்டை அடித்து வைத்திருக்கிறார்கள்.

பத்து மலை தெரிகிற தூரத்துக்குள் நான்கு நாடுகள் என்பது இந்தத் தடத்தின் வேடிக்கை. கரியாக்குவிலிருந்து யூனியன் தீவு ஏழெட்டுக் கடல் மைல்தான். ஆனால் முன்னது கிரெனடா, பின்னது செயின்ட் வின்சென்ட் அண்ட் கிரெனடீன்ஸ். புறப்படும் நாட்டில் சுங்கத்தில் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். புதிய நாட்டின் எல்லைக்குள் வந்ததும் பாய்மரத்தின் வலக் கயிற்றில் மஞ்சள் கொடி. நோய் எதுவுமில்லை, உள்ளே வர அனுமதி கேட்கிறேன் என்பது அதன் பொருள். அது பறக்கும்வரை கேப்டன் ஒருவர்தான் கரையில் இறங்கலாம். மற்றவர்கள் படகிலேயே இருக்கவேண்டும். கேப்டன் கடவுச்சீட்டுகள், படகின் பதிவுப் பத்திரம், ஆள் பட்டியல், முந்தைய நாட்டின் அனுமதிச் சீட்டு இவற்றோடு சுங்கம், குடிவரவு இரண்டுக்கும் போய்வருவார். முடிந்ததும் மஞ்சள் இறங்கி அந்த நாட்டுக் கொடி ஏறும். வேலை நேரத்துக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமைகளில் போனால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அழுக்கு பனியனோடு போகாமல் சட்டை போட்டுக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும், எந்த அரசு அலுவலகத்தையும் போலவே. ராணுவப் புள்ளி போட்ட துணி மட்டும் கூடவே கூடாது. கிரெனடா, செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா மூன்றிலும் அது குற்றம், குழந்தை போட்டிருந்தாலும்.

இந்த மூன்று நாடுகளிலும் கிழக்குக் கரீபியன் டாலர் செல்லும். 1976இலிருந்து ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். மார்த்தினிக் பிரான்ஸின் ஒரு பகுதி; யூரோ. அங்கே பதிவு செய்வது தனி அனுபவம்: கடையிலோ காபிக்கடையிலோ ஒரு மூலையில் சுங்கத்துறையின் கணினி இருக்கும், நீங்களே தட்டச்சு செய்து அச்செடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மார்த்தினிக் பிரான்ஸாக இருந்தாலும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. ஐரோப்பாவுக்கு வாங்கிய விசாவை நீட்டினால் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

இந்த விரிகுடாக்களில் இப்போது பாதிக்குப் பாதி இரட்டை உடல் படகுகள். கேட்டமரன். நம் கட்டுமரம்தான் அந்தச் சொல். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி சோழமண்டலக் கரையில் பார்த்ததை 1697இல் அச்சான தன் பயணநூலில் எழுதினார். சொல் அப்படி உலகம் சுற்றிற்று. பெருமைப்படலாம், கொஞ்சம் அளவோடு. நம்முடையது மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை. இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டத்தால் இணைக்கும் வடிவம் பசிபிக் தீவுகளின் பாலினீசியர்களுடையது. பெயர் நம்முடையது, உருவம் அவர்களுடையது. அதற்கு இன்று இவ்வளவு கிராக்கி வந்ததற்கும் காரணம் நங்கூரம்தான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் நீண்ட அலை தீவின் முனையைச் சுற்றி வளைந்து மறைவான பக்கத்துக்கும் வந்துவிடும். ஒற்றை உடல் படகு அதில் ராத்திரி முழுக்கத் தொட்டில் போல் ஆடும். தட்டு உருளும், தூக்கம் போகும். இரட்டை உடல் அவ்வளவாக ஆடாது. ஆழமும் 1.2 மீட்டர் போதும் என்பதால் கரையை ஒட்டி நிற்கலாம். ஆனால் விலை மிக அதிகம், கட்டுத்துறைகளில் வாடகையும் கூடுதல், காற்றை எதிர்த்துப் போவதில் மந்தம். ஓடும்போது ஒற்றை, நிற்கும்போது இரட்டை என்று இரண்டு வைத்துக்கொள்ள வசதி இருந்தால் நல்லதுதான்.

செலவைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு வருஷந்தோறும் பராமரிப்புக்குப் போகும் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். பழைய படகு என்றால் அந்தக் கணக்கும் பொய்த்துப்போகும். வாரக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, மாலுமியோடு போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்வது புத்திசாலித்தனம்.

மார்த்தினிக் வந்து சேர்ந்தவர்கள் சந்தைக்குப் போனால் கொலோம்போ என்று ஒரு மசாலாப் பொடி கண்ணில் படும். கோழி கொலோம்போ, ஆட்டுக் கொலோம்போ அந்தத் தீவின் சொந்தச் சமையல். குழம்புதான் கொலோம்போ ஆயிற்று என்கிறார்கள். மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு வாசனையை முகர்ந்தால் சந்தேகம் வராது. 1853இலிருந்து முப்பது வருஷம் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றி வந்த கப்பல்கள் கொண்டுவந்த வாசனை அது. தீவின் பெண்கள் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்குப் பெயர் மதராஸ். தீவின் வடக்கே பாஸ் புவான்த் பக்கம் மாரியம்மன் கும்பிடு இன்றும் நடக்கிறது. தெற்கே செயின்ட் வின்சென்ட்டிலும் ஜூன் 1 இந்தியர் வருகை நாள். 1861இல் மதராஸிலிருந்து கிளம்பிய திருவாங்கூர் என்ற கப்பல் அங்கே கரை தொட்ட நாள்.

அதே ஜூன் 1தான் படகுக்காரர்களின் பஞ்சாங்கத்தில் சூறாவளிப் பருவம் தொடங்கும் நாள். நவம்பர் 30 வரை. காப்பீட்டு நிறுவனங்கள் பல ஓர் அட்சரேகையைச் சொல்லி, அந்த மாதங்களில் அதற்கு வடக்கே படகு நின்றால் சேதத்துக்குப் பணம் இல்லை என்று எழுதி வைத்துவிடும். எல்லோரும் தெற்கே இறங்கி கிரெனடாவுக்கும் டிரினிடாடுக்கும் போவார்கள். கிரெனடா சூறாவளிப் பாதைக்கு வெளியே என்று வெகுநாள் நம்பினார்கள். 1955இல் ஜேனட் சூறாவளி அடித்ததை அரை நூற்றாண்டில் மறந்திருந்தார்கள். 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் வந்தது. ஜாதிக்காயைக் கொடியிலேயே வைத்திருக்கும் அந்த நாட்டின் ஜாதிக்காய் மரங்களில் பெரும்பகுதி சாய்ந்தது. கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த படகுகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சீட்டுக்கட்டு போல் விழுந்தன. 2024 ஜூலை 1 அன்று பெரில், நான்காம் வகை வேகத்தில் கரியாக்குவின் மேலேயே ஏறியது. அங்கே டிரெல் விரிகுடாவின் அலையாத்திக் காட்டுக்குள் படகை நுழைத்து வேர்களில் கயிறு கட்டிக்கொள்வது பரம்பரையான தற்காப்பு. அந்த முறை அதுவும் கைகொடுக்கவில்லை. உள்ளே கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்து குவிந்தன. யூனியன் தீவில் கூரையோடு நின்ற வீடுகளை விரல் விட்டு எண்ணலாம் என்ற நிலை.

கிரெனடாவின் தெற்குப் பக்கப் படகுக் களங்களில் இப்போது ஜூன் மாதம் போனால் பார்க்கலாம். பெரிய தூக்கி ஒன்று படகை நீரிலிருந்து எடுத்து வந்து இரும்புத் தாங்கியில் உட்கார வைக்கிறது. அடிப்பாகத்துச் சிப்பியைச் சுரண்டித் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். பாய்களைக் கழற்றி மடித்து உள்ளே வைத்தாயிற்று. சில படகுகளில் பாய்மரத்தையே கழற்றிப் பக்கத்தில் படுக்கப் போட்டிருக்கிறார்கள். கடைசியாகத் தரையில் திருகிப் பதித்த இரும்புக் கொக்கிகளிலிருந்து அகலமான நாடாக்களைப் படகின் நாலு மூலைக்கும் இழுத்து, நெம்பி இறுக்குகிறார்கள். சொந்தக்காரர் ஒவ்வொரு நாடாவையும் கையால் தட்டிப் பார்க்கிறார், பிறகு குனிந்து கொக்கியையும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு விமான நிலையத்துக்கு வண்டி ஏறுகிறார்.